நீர்போகத்து நாற்று

நீலகிரி மலையில் காய்கறி பயிரிடுகிறவர்கள் ஆண்டை மூன்று போகமாகப் பார்க்கிறார்கள்: நீர்போகம், கார்போகம், கடைபோகம். பிந்திய இரண்டுக்கும் மழை துணைக்கு வரும். ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கும் நீர்போகத்துக்கு அது கிடையாது. ஓடையோ கிணறோ பக்கத்தில் இருந்தால்தான் நாற்றைப் பற்றியே யோசிக்க முடியும். அதனால் இந்தப் போகம் பெரும்பாலும் கேத்தி பாலாடா போன்ற பள்ளத்தாக்குகளில்தான் நடக்கிறது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். தண்ணீர் எந்த நிலத்தைத் தேடிப் போகிறதோ, உறைபனியும் அதே நிலத்தைத் தேடிப் போகிறது. மேட்டில் நட்டால் தண்ணீர் இல்லை, பள்ளத்தில் நட்டால் பனி!

முட்டைக்கோஸையே எடுத்துக்கொள்வோம். 1820களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலைக்கு வந்த இங்கிலீஷ் காய்களில் அதுவும் ஒன்று. ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 19,000 நாற்று வேண்டும். நாற்றுக்கும் எருவுக்கும் ஆள் கூலிக்கும் முதலிலேயே பணம் போய்விடும். ஒரே விடியலில் இலை கருகினால் திரும்ப நட நாற்றும் இருக்காது, நாளும் இருக்காது.

நாற்றுக்கு முன்னால் மண்ணைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள மண் புளிப்பானது. கோஸின் வேரை விரல் விரலாக வீங்க வைக்கும் நோய்க்கு அதுதான் வசதி. அந்த நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். அதனால் முன்கூட்டியே சுண்ணாம்பு போட்டுக் கொத்திவிட வேண்டும். கோஸ் எடுத்த இடத்தில் மறுபடியும் கோஸ் வைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். ஆனால் ஒரே ஏக்கரை வைத்திருக்கிற குடும்பத்துக்கு இதைச் சொல்வது சுலபம், அவர்கள் செய்வது கடினம். தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்த நாற்று என்றால் வெளியிலிருந்து நோய் மண் வந்து சேர்வதாவது குறையும்.

நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்று செல்லப்பிள்ளை மாதிரி. அதை நேராக வயலில் கொண்டுபோய் வைக்கக்கூடாது. ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, வெயிலையும் குளிரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். இலை தடித்து, தண்டு முறுக்கேறினால் லேசான பனியைத் தாங்கிக்கொள்ளும்.

எப்போது நடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். சிவராத்திரி வரை பொறு என்பார் தாத்தா. சமவெளிக் கோஸ் வரத்து குறைந்து, கார்போகத்துக் கோஸ் இன்னும் வராத நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட வேண்டும் என்பான் பேரன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பேரனின் நம்பிக்கை ஸ்பிரிங்ளர். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். இலைமேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்வரை இலை பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் போகாது. ஆனால் உறைய ஆரம்பிக்கும் முன்பே திறந்து, வெயில் வந்து ஐஸ் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் மின்சாரம் போய்விட்டால், நனைந்த இலை ஆவியாதலில் இன்னும் குளிர்ந்து, சும்மா விட்ட செடியைவிட மோசமாகிவிடும். தாத்தாவுக்கு மோட்டாரில் சந்தேகம் இல்லை, கரண்டில்தான்.

கடைசியில் பல வீடுகளில் நடப்பது ஒரு சமரசம்தான். ஹோஸ் எட்டுகிற அளவுக்கு மேல்பாத்திகளில் முதலில் நடுகிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, மதியத்துக்கு மேல் நட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். ஓடையோரப் பாத்திகள் சுண்ணாம்பு போட்டபடி காத்துக் கிடக்கின்றன. மீதித் தட்டுகள் வீட்டு வாசலில் இருக்கின்றன. சாயந்திரம் வானத்தில் மேகம் இல்லையென்றால் அவற்றை உள்ளே எடுத்து வைக்க ஒருவர் எழுந்து போகிறார்.