வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு



"ஹஜ்ரத், ஓதிக்கொடுக்கத்தானே பிள்ளையை அனுப்பினேன்? பொய் எழுதப் பழக்குகிறீர்களே!"

கடலூரில் நான் பணியாற்றும் மதரஸாவின் வாசலில் நின்று ஒரு சகோதரர் இப்படிக் கேட்டார். வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். மகள் எழுதிய நோட்டுத்தாள் ஒன்று அவர் கையில் நான்காக மடிந்திருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைகளில் பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லோ ஒரு வாக்கியமோ கொடுப்பேன். அதை வைத்து அரைமணி நேரத்தில், ஒரு பக்கத்துக்குள் கதை எழுத வேண்டும். எழுதியதை அவரவரே படிக்க வேண்டும். கேட்பவர்கள் குறை சொல்லுமுன், தங்கள் மனத்தில் நின்ற ஓரிடத்தைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சட்டம். நானும் அவர்களோடு அமர்ந்து எழுதுவேன்.

இப்பழக்கம் எனக்கு ரயிலில் வந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் பட்டப்படிப்புப் படித்த நாட்களில், வார இறுதியில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கடலூர் திரும்புவோம். அன்று அது மீட்டர்கேஜ் பாதை. வண்டி சிதம்பரத்தை விட்டதும் எங்களில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் கடந்து, புதுமைப்பித்தன் 1906இல் பிறந்த திருப்பாதிரிப்புலியூரில் இறங்குமுன் கதை முடிந்திருக்க வேண்டும். ஒரே வாக்கியத்திலிருந்து நான்கு கதைகள் பிறக்கும். ஒன்று மற்றொன்றைப் போல் இருந்ததே இல்லை. 'எதைப் பற்றி எழுதுவது?' என்ற திகைப்பு நீங்கிவிட்டால், நெஞ்சின் அடியில் கிடப்பது தானே மேலே வரும் என்பதை அங்கேதான் கண்டேன்.

அந்த வியாழனன்று நான் கொடுத்த சொற்கள், 'வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு.' பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதினாள்: ஒரு வீட்டு வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டில் ஆள் இருப்பதாகப் பிறர் எண்ணுவதற்காக உம்மா அதை வைத்திருக்கிறாள். நாள்தோறும் தூசு தட்டுகிறாள். ஆண்டுகள் கழித்து வாப்பா வருகிறார். அந்தச் செருப்பு அவர் காலுக்குப் பொருந்தவில்லை. விருந்தாளியைப் போல் வெறுங்காலோடு உள்ளே வருகிறார்.

அவள் படித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. என் தாளோ வெற்றுத் தாளாகவே இருந்தது.

அந்தத் தாளைத்தான் தந்தை கொண்டுவந்திருந்தார். "என் வீட்டு வாசலில் அப்படி எந்தச் செருப்பும் இல்லை, ஹஜ்ரத்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

அவரை உள்ளே அமரவைத்து, நமது அரபிக் கல்லூரிகள் பலவற்றில் இலக்கியப் பாடமாக இருந்துவரும் 'மகாமாத்' நூலைப் பற்றிச் சொன்னேன். அதை இயற்றிய பஸராவின் இமாம் ஹரீரி, ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்தவர். அதிலுள்ள ஐம்பது கதைகளும் கற்பனையே. விலங்குகள் பேசுவதாக அமைந்த நீதிக்கதைகளை யாரும் வெறுத்து ஒதுக்கியதில்லையே என்று அவரே தம் முன்னுரையில் வாதிடுகிறார். பொய் சொல்பவன் கேட்பவரை நம்பவைத்து ஏமாற்றுகிறான். கதை சொல்பவனோ 'இது கதை' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். நிய்யத்து வேறு, ஆகவே செயலும் வேறு.

அந்த ஹரீரிக்கே நேர்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். நாற்பது கதைகளை எழுதி அவர் பக்தாதுக்குக் கொண்டுசென்றபோது, அவை அவருடையவை அல்ல என்று சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். அமைச்சர் ஒரு பொருளைக் கொடுத்து, அதைப் பற்றி எழுதும்படி பணித்தார். ஹரீரி மைக்கூட்டோடும் தாளோடும் சபையின் ஒரு மூலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். எதுவும் வரவில்லை. வெட்கத்தோடு எழுந்து சென்றார். ஊர் திரும்பிய பின்னரே மேலும் பத்துக் கதைகளை எழுதி அனுப்பினார். சோதிப்பவர் முன்னே அடைபட்ட ஊற்று, சொந்த ஊரில் திறந்துகொண்டது.

சகோதரர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செருப்பு பொய்தான். விருந்தாளி என்று எழுதியிருக்கிறாளே, அது..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் புறப்பட்டார். நானும் எதுவும் கேட்கவில்லை.

வாசகர்களே, கடல் கடந்து உழைப்போரின் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தொலைபேசியில் பணம் வந்ததா, உடல் நலமா என்று விசாரிக்கிறோம். 'நீங்கள் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது தெரியுமா?' என்று ஒரு குழந்தை நேராகக் கேட்க முடியாது, மரியாதை தடுக்கும். ஒரு கதைக்குள் நின்று அது கேட்டுவிடும்.

ஒரு மாலை, இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிள்ளைகள், பெரியவர்கள், எழுதத் தெரியாத பாட்டி உட்பட எல்லோருக்கும் ஒரே சொல்லைக் கொடுங்கள். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். அங்கே யாரும் அமைச்சராக அமர வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம், கேட்டால் போதும்.

அந்தச் சகோதரர் பயணம் புறப்பட்ட அன்று வியாழக்கிழமை. அவருடைய மகள் அன்றும் வகுப்புக்கு வந்தாள். "ஹஜ்ரத், இந்த வாரம் என்ன சொல்?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான்.