ஷெட்டில் நின்ற சிவப்பு பேலியோ

எங்கள் வீட்டுப் பின்புறம், தென்னை மரத்தை ஒட்டி ஒரு தகர ஷெட் உண்டு. அதில் பன்னிரண்டு வருடம் ஒரு கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. சிவப்பு நிற ஃபியட் பேலியோ, 1.6 ஜிடிஎக்ஸ், 2003 மாடல். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்று என் மனைவி தார்ப்பாயை ஓரமாகத் தூக்கி, பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அதற்கும் எங்களுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அது என் மகன் கார். 2006-ல் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்த்ததும் பழைய வண்டியாக வாங்கிக் கொண்டுவந்தான். வாசலில் நிறுத்தி, "அப்பா, ஏறுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அவன் உண்மையைச் சொன்னான்: "பத்து." எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்து, டி.வி.எஸ். 50-ல் போய்வந்தவன் நான். "ஒரு கிளார்க் மகனுக்கு இந்த வண்டி எதுக்கு? இதுல நான் ஏற மாட்டேன்" என்றேன்.

சொன்னபடியே ஏறவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட அவனும் அவன் அம்மாவும் காரில் வருவார்கள். நான் அரசரடிக்கு நடந்து போய் பஸ் பிடிப்பேன். 2011-ல் அவன் வேலைக்காகக் கனடா கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு வாடகைக் காரில்தான் போனோம். சொந்தக் கார் ஷெட்டில் நின்றது. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த மாதிரி வண்டிக்கு இளைஞர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹாட் ஹேட்ச்’. பார்க்க வீட்டுக்கு அடக்கமான குட்டிக் கார். பின்கதவைத் தூக்கினால் காய்கறிப் பை, அரிசி மூட்டை வைக்கலாம். ஆனால் முன்னால் அந்த உடம்புக்கு மீறிய எஞ்சின். ஐரோப்பாவில் 1976-ல் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பிரான்சில் 1980-களில் பெஜோ 205 ஜிடிஐ. பாண்டிச்சேரியில் என்னோடு படித்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்துவிட்ட தோழன் ஒருவன் அந்தப் பெஜோவின் மேல் சாய்ந்துகொண்டு எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தான். நம் நாட்டில் பேலியோ 2001-ல் வந்தது. சச்சின் டெண்டுல்கர் விளம்பரத்தில் வந்தாரே, அந்தக் கார். பலரும் வாங்கியது 1.2 லிட்டர் வண்டி. 1.6 லிட்டர் வண்டியின் எஞ்சினுக்கு நூறு குதிரைத்திறன். அன்றைய மாருதி 800-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

2023 பொங்கல் முடிந்து ஒரு நாள் மகன் போனில், "அப்பா, அந்த வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றான். வியாபாரி வந்து பார்த்து பதினெட்டாயிரம் என்றார். ஆர்.சி. புத்தகம் எடுக்க டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். எலி கடித்த துணிக்குள் ஒரு நோட்டு இருந்தது. கோடு போட்டு ஐந்து பத்தி: தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், சராசரி. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதற்கும் ஒரு வரி. பக்கக் கடைசியில் கூட்டல், அடுத்த பக்கத்தில் ‘முன்பக்கத் தொகை’. ஆபீஸ் பேரேட்டில் நான் எழுதுவதுபோலவே எழுதியிருந்தான். அவன் செலவு தெரியாமல் சுற்றுகிறான் என்று ஐந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரியிடம், "யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒப்புக்கொண்டார். மற்ற நாட்களில் நான் கழற்ற வேண்டியதைக் கழற்றி, துடைத்து, துரு தேய்த்து வைக்க வேண்டும். நான் சாவியைப் போட்டு எஞ்சின் சத்தம் கேட்டுவிட வேண்டும் என்று துடித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஓடாம நின்ன வண்டிய எடுத்த உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாதுய்யா. டைமிங் பெல்ட் ரப்பரு. பத்து வருசத்துல வெடிச்சிருக்கும். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், எஞ்சினே போயிரும். மொத வேலை பிரேக்கு. ஓட வைக்கிறது பெருசில்ல, நிக்க வைக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்க டிரம்முக்குள் வீல் சிலிண்டர் இரண்டும் ஒழுகி உறைந்திருந்தன. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். அதனால் நின்ற வண்டியிலும் அது கெடும், குழாயை உள்ளிருந்து அரிக்கும். எல்லாவற்றையும் மாற்றினோம். டயரில் ரப்பர் கனமாகத்தான் இருந்தது, நகம்கூடப் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 2809. அதாவது 2009-ம் வருடம் 28-வது வாரம். நம்மில் பலர் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். வயதையும் பாருங்கள்.

டாங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அணில் தென்னைநாரில் கூடு கட்டியிருந்தது. நல்லவேளை, குட்டி இல்லை. ஒயரிங்கை எலி இருபத்தொரு இடத்தில் கடித்திருந்தது. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது என்று மெக்கானிக் தம்பி அதற்கேற்ற ஹோஸாகத் தேடி வாங்கினார்.

என் பங்குக்கு நான் செய்தது குமாஸ்தா வேலைதான். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் பழைய கடித உறையில் போட்டு, வரிசை எண், எந்த இடம், எத்தனை எண்ணம் என்று எழுதினேன். மொத்தம் 164 உறை. "என்னங்கய்யா, ஆபீஸ் மாதிரி வச்சிருக்கீங்க" என்று தம்பி சிரித்தார். திரும்பப் பூட்டும்போது ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை, குறையவுமில்லை. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

உதிரி பாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பேலியோ தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. 2019-லிருந்து ஃபியட் பெயரில் இங்கே புதுக் காரே இல்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் லோயர் ஆர்ம் ஒரு ஜோடி, சென்னை புதுப்பேட்டையில் ஜன்னல் கண்ணாடி மோட்டார், மும்பை குர்லாவிலிருந்து கூரியரில் எஞ்சின் மவுண்ட். குர்லாவில்தான் இந்த வண்டியே அன்று தயாரானது. பிறந்த ஊரிலிருந்து மருந்து வந்ததுபோல இருந்தது.

இடையில் ஒரு தப்பு செய்தேன். தம்பி இல்லாத ஒரு புதன்கிழமை, ஜாக்கி போட்டுத் தூக்கி, பக்கத்தில் செங்கல் அடுக்கி, அடியில் படுத்துத் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து இரண்டடி போயிருப்பேன். ஜாக்கி சரிந்து, செங்கல் நொறுங்கி, வண்டி தரையில் உட்கார்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "மகன்கிட்ட பேச வெக்கப்பட்டுக்கிட்டு கார்கிட்ட உயிரக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். இரண்டு வாரம் ஷெட் சாவி அவள் முந்தானையில் இருந்தது. இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கி வந்து காட்டிய பிறகுதான் சாவி கிடைத்தது. வீட்டில் இந்த வேலை செய்பவர்கள் செங்கல்லை நம்பாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்; தாங்குவதற்கு ஸ்டாண்டு.

பாண்டிச்சேரி மிஷன் வீதியில் கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வேலைக்கு மதுரை வந்த பிறகு அந்தப் பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை என்று நினைத்திருந்தேன். ஷெட்டில் அது திரும்பி வந்தது. தம்பி சொல்லும் சேசிஸ் பிரெஞ்சுச் சொல். எங்கள் வாத்தியார் ஜன்னல் சட்டத்தைக் காட்டி ‘ஷாஸி’ என்று சொல்லிக்கொடுத்தார். காரேஜும் பிரெஞ்சு. நம் பெரியவர்கள் டிரைவரை ஷோபர் என்பார்களே, அதுவும் பிரெஞ்சுதான். நீராவி எஞ்சின் காலத்தில் அடுப்பைச் சூடேற்றுகிறவருக்கு அந்தப் பெயர். தம்பிக்கு இதைச் சொன்னேன். "அப்ப நானும் பிரெஞ்சுதான் பேசிக்கிட்டு இருக்கேனா!" என்றார்.

செப்டம்பரில் எஞ்சின் ஓடியது. ஆனால் ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருடம்தான். இதற்கு 2018-லேயே முடிந்திருந்தது. படிவம் 25 எழுதி, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் சேர்க்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. தாமதத்துக்கு அபராதம் தனி. மகன் பேரில் உள்ள வண்டி என்பதால் கையெழுத்துக்காக அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எதுக்குப்பா?" என்றான். "நோட்டப் பார்த்தேன்" என்றேன். அவனுக்குப் புரிந்தது.

வண்டியை மினி வேனில் ஏற்றித்தான் எஃப்.சி. காட்டக் கொண்டுபோனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, வைப்பர், ஹாரன் பார்த்தார். மைதானத்தில் ஓட்டிப் பார்த்து ஒரே மிதியாக மிதித்தார். வண்டி இழுக்காமல் நேராக நின்றது. தம்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பென்ஷன்காரர்கள் நாம் வருடாவருடம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கிறோம். காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அது நம்மைவிடக் கொடுத்துவைத்தது.

டிசம்பரில் மகன் லீவில் வந்தான். ஷெட்டுக்குப் போய், தார்ப்பாய் இல்லாத வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பானட்டில் கைவைத்தான். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு, "ஏறுங்கப்பா" என்று மட்டும் சொன்னான். பதினேழு வருடத்துக்கு முன் சொன்ன அதே வார்த்தை. ஏறினேன்.

முதலில் முத்தையா கோயிலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்தோம். அய்யனார் குதிரைக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கார் எறும்பு மாதிரி இருந்தது. பேலியோ என்பதும் குதிரைப் பெயர்தான். இத்தாலியில் சியெனா என்ற ஊரில் வருடம்தோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் நடக்கும் குதிரைப் பந்தயம் அது. ஜெயித்த பேட்டைக்குக் கொடுக்கும் கொடிக்கும் அதே பெயர். பாண்டிச்சேரிக்காரனுக்கு ஆகஸ்ட் 16 மறக்காது. மகனிடம் சொன்னேன். "இது எனக்குத் தெரியாதே" என்று சிரித்தான்.

மேலக்கால் ரோட்டில் துவரிமான் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் வயல். அவன் கியர் மாற்றி ஒரு அழுத்து அழுத்தினான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. வயிற்றில் ஏதோ எழும்பியது. ராட்டினத்தில் ஏறிய வயசு ஞாபகம் வந்தது. சில நொடிதான், உடனே வேகத்தைக் குறைத்துவிட்டான். "பயமா இருக்காப்பா?" என்றான். "பிரேக் நான் பார்த்தது. பயமில்ல" என்றேன்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: மொத்தம் 1,46,350 ரூபாய். இன்று விற்றால் அதில் பாதிகூடத் தேறாது. நான் ஆபீஸில் இருந்திருந்தால் இந்தச் செலவை ஆட்சேபித்துக் குறிப்பு எழுதியிருப்பேன்.

மகன் திரும்பிப் போய்விட்டான். தம்பி வாரம் ஒருமுறை வந்து வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றி வருகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். அந்த நோட்டு இப்போது என்னிடம். 2011-ல் அவன் விட்ட பக்கத்தில், அவன் கையெழுத்துக்குக் கீழேயே, நான் எழுதிவருகிறேன். போன மாத சராசரி, லிட்டருக்குப் பத்தேகால்.