ஃபார்மட்டுக்கு முந்தைய கணக்கு

பெரிய சேமிப்பகம் அமைக்க உட்கார்ந்து பேசும்போது எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை டெராபைட் என்று. நான் கேட்பது, எத்தனை கோப்பு என்று. படம் பார்த்துப் பழகும் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் எல்லாரும் எடுத்தாளும் இமேஜ்நெட்டின் 2012 போட்டித் தொகுப்பையே பாருங்கள். பயிற்சிப் படங்கள் 12,81,167. மொத்தமாக 140 ஜிபிக்குள் அடங்கிவிடும். இடம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. கோப்பு என்று பார்த்தால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். பத்து மாணவர்கள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

நான் அதிகம் கையாள்வது லஸ்டர். 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் தொடங்கிய திட்டம். இன்று உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கும் இதுதான் கோப்பு அமைப்பு. கோப்பின் பெயர், உரிமையாளர், அனுமதி, துண்டுகள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் எல்லாம் எம்டிடி என்ற மெட்டாடேட்டா டிஸ்கில் இருக்கும். உள்ளடக்கம் ஓஎஸ்டி எனப்படும் டிஸ்குகளில் பரவிக் கிடக்கும். எம்டிடியில் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த விவரங்களைத் தாங்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று வேண்டும். அடியில் இருப்பது லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பைத் திருத்திய வடிவமான எல்டிஸ்க்எஃப்எஸ் என்றால், எத்தனை பைட்டுக்கு ஓர் ஐநோடு என்ற விகிதம் ஃபார்மட் செய்யும்போதே உறைந்துவிடும். பிறகு டிஸ்கைப் பெரிதாக்கினாலும் அதே விகிதத்தில்தான் ஐநோடு கூடும். ஐநோடு தீர்ந்துபோனால் டெராபைட் கணக்கில் காலியிடம் இருந்தும், இடமில்லை என்றே பிழைச்செய்தி வரும்.

இந்த எண்ணிக்கைக்கு மேல்வரம்பும் உண்டு. எக்ஸ்ட்4-இல் ஐநோடு எண் 32 பிட். ஆகவே சுமார் 429 கோடிக்கு மேல் போகாது. ஒரு காலத்தில் யாரும் நெருங்காத எல்லை அது. இன்று 12 டெராபைட் ஃப்ளாஷை எம்டிடிக்கென்று ஒதுக்கும்போது ஃபார்மட் வேளையிலேயே முட்டிக்கொள்கிறோம். பழைய பதிப்புகளின் வழக்கப்படி 2048 பைட்டுக்கு ஒன்று என்று வைத்தால் 644 கோடி. பின்னால் வந்த 2560 என்ற விகிதத்தில் 515 கோடி. இரண்டும் எல்லைக்கு வெளியே.

அப்போது ஃபார்மட் செய்யும் கருவி என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 64 பிட் வசதி இல்லாமல் ஃபார்மட் செய்தால் ஐநோடு அதிகம், விகிதத்தை உயர்த்தலாமா என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். அந்த வசதி இருந்தால் எதுவும் சொல்லாமல் எண்ணிக்கையை மேல்வரம்பில் வெட்டிவிட்டு வேலையை முடித்துவிடும். முதல் வகையே எனக்குப் பிடித்தது. மறுக்கும் கருவி நம்மைக் கணக்குப் போட வைக்கிறது. இரண்டாம் வகையில் நாம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. தேடிப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, விகிதத்தை எவ்வளவு உயர்த்துவது? 12 டெராபைட்டை 3072-ஆல் வகுத்தால் 4,29,49,67,296 வருகிறது. இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கு, துல்லியமாக. அனுமதிக்கும் உச்ச எண் அதைவிட ஒன்று குறைவு! ஒரே ஓர் ஐநோடு கூடிப்போனதற்காகக் கதவு சாத்தப்படும். அடுத்த இயல்பான எண் 4096. அதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. எக்ஸ்ட்4 டிஸ்கை 128 எம்பி குழுக்களாகப் பிரிக்கிறது. எந்த ஐநோடு காலி என்று குறிக்கும் வரைபடத்துக்குக் குழுவுக்கு ஒரே ஒரு 4 கேபி பிளாக். அதில் 32,768 பிட். 128 எம்பியை 4096-ஆல் வகுத்தாலும் அதே 32,768. வரைபடத்தில் ஒரு பிட்கூட வீணாகாது. 2048 என்று வைத்தால் வரைபடம் போதாமல் கருவி குழுவையே சுருக்கிக்கொள்ளும். இந்த மாதிரிப் பொருத்தங்களைக் காணும்போது, இதை வடிவமைத்தவர்களின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

4096-இல் 322 கோடி ஐநோடு கிடைக்கும். ஐநோடு ஒன்று 1024 பைட் என்றால் அட்டவணைக்கே 3 டெராபைட் போய்விடும், மீதி 9. கோப்பைப் பல ஓஎஸ்டிகளில் அகலமாகப் பரப்பினால் அந்த விவரம் ஐநோடுக்குள் அடங்காமல் தனியாக ஒரு 4 கேபி பிளாக்கைப் பிடிக்கும். எல்லாக் கோப்பும் அப்படி வழிந்தால் 241 கோடியிலேயே பிளாக் தீர்ந்துவிடும், ஐநோடு மிச்சமிருக்கும். சிறு கோப்புகளின் உள்ளடக்கத்தையும் எம்டிடியிலேயே வைக்கும் வசதி 2.11 பதிப்பில் வந்தது. அதைப் பயன்படுத்திக் கோப்புக்கு 64 கேபி வைத்தால் அந்த 9 டெராபைட்டில் சுமார் 15 கோடி கோப்புதான் நிற்கும். அங்கே 322 கோடி ஐநோடு இருந்து என்ன பயன்? விகிதத்தைக் குறைத்து ஐநோடைப் பெருக்குவதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு மாலையில் வந்து, "அண்ணா, எம்டிடியை மறுபடி ஃபார்மட் பண்ணியாச்சு. அப்பவும் கிளையண்ட்ல அதே நூறு கோடிதான் காட்டுது" என்றார். "ஓஎஸ்டி எத்தனைப்பா? என்ன விகிதம்?" என்று கேட்டேன். பத்து ஓஎஸ்டி, ஒவ்வொன்றும் 100 டெராபைட், 1 எம்பிக்கு ஓர் ஐநோடு. அதாவது ஒன்றில் பத்துக் கோடி, பத்திலும் சேர்த்து நூறு கோடிச் சொச்சம். பொதுவாகக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்டியில் குறைந்தது ஒரு துண்டாவது வேண்டும்; அந்தத் துண்டுக்கும் அங்கே ஓர் ஐநோடு தேவை. அதனால் எம்டிடியில் எவ்வளவு காலியாக இருந்தாலும், ஓஎஸ்டிகளில் உருவாக்க முடிந்த அளவுக்கே லஸ்டர் கிளையண்டிடம் கணக்குச் சொல்கிறது. கோப்பை நான்கு ஓஎஸ்டிகளில் பரப்பினால் நடைமுறையில் அது இருபத்தாறு கோடி. எம்டிடியில் தவறே இல்லை. லஸ்டரின் சொந்தக் கட்டளையில் எம்டிடி, ஓஎஸ்டி ஒவ்வொன்றின் ஐநோடும் தனித்தனி வரியாக வரும். மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வரிகளைப் பார்க்க வேண்டும்.

அடியில் எல்டிஸ்க்எஃப்எஸ்ஸுக்குப் பதிலாக இசட்எஃப்எஸ் வைத்தால் இந்த விகிதத் தொல்லை இல்லை. ஐநோடைத் தேவைப்படும்போது தானே உருவாக்கிக்கொள்ளும். ஆனாலும் மெட்டாடேட்டா வேகம் கருதி நான் எல்டிஸ்க்எஃப்எஸ்ஸையே விரும்புகிறேன்.

12 டெராபைட் கையில் இருந்தால் அதை ஒரே எம்டிடியாக்க மாட்டேன். ஆறாறாக இரண்டு. 2013-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட எம்டிடி வைக்கலாம், 2.8 முதல் ஒரே அடைவையும் பல எம்டிடிகளில் பிரிக்கலாம். 2560 விகிதத்தில் ஒவ்வொன்றிலும் 257 கோடி, சேர்த்தால் 515. ஒற்றை எம்டிடியில் எட்டவே முடியாத எண். பழுது பார்க்க நேர்ந்தால் சோதிக்க வேண்டிய பரப்பும் பாதியாகும். பிரித்த பிறகு எந்த ஆய்வுக்குழுவின் அடைவு எந்த எம்டிடியில் என்பதை நாமே திட்டமிட்டு உருவாக்குவது நல்லது; பழைய அடைவுகள் தாமாக இடம் மாறா. ஃபார்மட் முடிந்ததும் மவுண்ட் செய்வதற்கு முன்பே சூப்பர்பிளாக்கை அச்சிட்டு ஐநோடு எண்ணிக்கை, ஐநோடு அளவு, குழுவுக்கு எத்தனை என்ற மூன்றையும் தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தரவு ஏறாத அந்த நேரத்தில் திரும்ப ஃபார்மட் செய்ய ஒரு தேநீர் நேரம் போதும்.