வெறுந்தகடு

பெயின்ட் முழுவதையும் சுரண்டி முடித்த அன்று, அஸருக்குப் பிந்திய வெயிலில், கார் வலையிலிருந்து அப்போதுதான் உதறிய கீரிமீன் போல மின்னியது. பொனட்டின் மீது உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்தேன். மறுநாள் சுபஹுக்குப் பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் என் ஐந்து விரல்களும் செம்மஞ்சள் நிறத்தில் பதிந்திருந்தன. கைவியர்வையின் உப்பு. மேலே தொட்டுப் பார்த்தால் மாவு போல ஒட்டியது. அதுதான் கறளின் முதற் பிள்ளை.

1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். பதுளைப் பக்கத்துத் தோட்டத்து டொக்டர் ஒருவரிடம் 1974 இல் வாப்பா வாங்கியது. 948 சீ.சீ. என்ஜின். இந்த வண்டியை வரைந்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் மினியையும் வரைந்தவர். 1948 இல் தொடங்கிப் பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். அவற்றில் ஒன்று சாய்ந்தமருதுக்கு வந்து, நடுச்சாமங்களில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. எங்கள் ஊரில் இன்று ஐம்பதைத் தொடும் சிலர் அந்தப் பின்சீற்றிலேயே பிறந்திருக்க வேண்டியவர்கள் என்று உம்மா சொல்லிச் சிரிப்பார்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கார் முன்வாசலில் நின்றது. சீற் மட்டத்துக்குத் தண்ணீர். வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தோம், அது பெரிய விஷயம். காரைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்த நாட்கள் அவை. ஆனாலும் இரண்டு கிழமை கழித்து வாப்பா கிணற்றில் அள்ளி அள்ளி மூன்று நாள் அதைக் கழுவினார். கிணறுகளுக்குள்ளும் கடல் புகுந்திருந்தது என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. உப்பை உப்பால் கழுவியிருக்கிறார்.

வாப்பா 2011 இல் மௌத்தானார். வண்டி எனக்கும் கொழும்பிலிருக்கும் காக்காவுக்கும் பாதிப் பாதி. 2021 இல் நான் ஓய்வுபெற்றதும் ஒதுக்கிய காசு நாற்பதாயிரம் ரூபா. அதற்குள் சுரண்டி, பூசி, பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மழை விட்டதும், 2022 பெப்ரவரியில், சுரண்டத் தொடங்கினேன். வெள்ளைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே இளம்பச்சை, அதற்கும் கீழே இரும்பு. மார்ச்சில் ரூபா விழுந்தது. தின்னர், பிரைமர் எல்லாம் கிழமைக்கொரு விலை. மாத முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஸ்பிரே அடிக்கும் கொம்பிரசர் சும்மா கிடந்தது. பெயின்ட் அடிக்கவிருந்த பையன் கட்டாருக்குப் போய்விட்டான். உடுப்பை உரிந்துவிட்டு மாற்றுடுப்பு இல்லாமல் நின்ற கதைதான்.

முதலில் செய்தது மடத்தனம். கராஜில் சும்மா கிடைக்கிற பழைய என்ஜின் ஒயிலை மண்ணெண்ணெயில் கலந்து மேலெல்லாம் பூசினேன். டிங்கரிங் வேலை செய்கிற வயதான பாஸ் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“என்ன சேர் இது? ஓடின ஒயிலுக்குள்ள புகையும் அசிட்டும் இரிக்கி. மூட்டு மூட்டா உள்ள போயிட்டா, பொறகு அடிக்கிற பெயின்ட் குழி குழியா வெடிச்சிரும்.”

அதைத் துடைக்கவே தின்னர் ஒரு போத்தல் போயிற்று.

பிறகு அவர் சொன்னபடி செய்தேன். உப்பு உள்ளே இருக்கும்வரை எதைப் பூசினாலும் அடியிலிருந்து கிளம்பும் என்றார். ஆகவே குழாய்த் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வெயிலில் உடனுக்குடன் காயவைத்தேன். கறள் பிடித்த இடங்களுக்கு ஹாட்வெயார் கடைகளில் விற்கிற பொஸ்போரிக் அசிட் கரைசல். தூரிகையால் தேய்த்தால் செம்மை கறுத்துச் சாம்பலாகும். இரும்பின் மேல் மெல்லிய பொஸ்பேற் தோல் ஒன்று கட்டுகிறது. அதையும் காயவிட்டுவிடக்கூடாது, மிச்சத்தைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மேலே வருகிற பிரைமர் சரியாக இறுகாது. கையுறை கட்டாயம். இந்த வயதில் இரசாயனப் பாடம் படித்தேன். முப்பது வருடம் நான் படிப்பித்தது தமிழ்.

சாதாரண பிரைமர் ஒரு கோட் அடித்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பலர் அப்படி அடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அது பஞ்சு மாதிரி என்றார் பாஸ். பார்வைக்கு மூடியிருக்கும், ஈரம் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். ஈரத்தை மறிக்கிறது எப்பொக்ஸி பிரைமர்தான், அதன் விலையோ அப்போது என் கையில் மிஞ்சியிருந்த காசுக்கு ஒரு லீற்றர். ஒரு லீற்றரை முழுக் காருக்கும் இழுக்க முடியாது. எங்கே பூசுவது?

மொரிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனிச் சேஸி கிடையாது. தளத்தகடும், அதன் அடியிலும் கதவுகளுக்குக் கீழும் ஓடுகிற பெட்டித் தகடுகளும்தான் அதன் எலும்பு. கூரையில் கறள் வந்தால் அசிங்கம். அடியில் வந்தால் வண்டி முறிந்துவிடும். ஆகவே யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு முழு எப்பொக்ஸியும். பாறைக் கல் மேல் தூக்கி நிறுத்தி, முதுகு மண்ணில் கிடக்க, தூரிகையால் பூசினேன். இரண்டையும் கலந்தபின் சில மணித்தியாலந்தான் தவணை, வெயிலில் அதுவும் குறைவு. பாதியில் “கேஸ் வந்திருக்கி” என்று யாரோ கூப்பிட, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது ரின்னில் மூன்றிலொரு பங்கு கல்லாகியிருந்தது. கேஸும் கிடைக்கவில்லை.

மேற்பக்கம் வெறுந்தகடாகவே நின்றது. அதற்குப் புது ஒயில் சில துளி, பழைய சாரன் துண்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஒரு துடைப்பு. கறள் தலைகாட்டினால் கண்ணுக்குத் தெரியும், எமரித் தாளால் தேய்த்துவிடலாம். பெயின்டுக்கு முன்னர் எண்ணெய்ப்பசையைக் கழுவியும் விடலாம். தறப்பாளால் போர்த்தவில்லை. இரவில் அதன் உட்பக்கம் வியர்த்து, தகட்டின் மேலேயே சொட்டும். கடல்பக்கம் கிடுகு கட்டி, மற்றப் பக்கங்களைத் திறந்துவிட்டேன்.

காக்கா தொலைபேசியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கெல்லாம் நல்ல விலை. கொழும்பில் ஒருவர் இருக்கிற நிலையிலேயே எடுக்க ஆயத்தம். “கறளாகிப் போறத்துக்கு முந்தி வித்திருவம் தம்பி.” அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. என் வீட்டில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கவே கடை கடையாக அலைந்த காலம். மாரி முடியட்டும், வந்து பாருங்கள், அடித்தகடு ஓட்டையாகியிருந்தால் நானே விற்கச் சொல்கிறேன் என்றேன்.

2023 ஜனவரிக் கடைசியில் வந்தார். தேநீர் கூடக் குடிக்காமல் ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தார். அறுபத்தெட்டு வயது மனுசன். குத்திக் குத்திப் பார்த்தார். தளம், டங் என்றது. முன் பெட்டி, டங். இடதுபக்கம், டங். சாரதிப் பக்கத்துக் கதவடிப் பெட்டியின் பின்முனையில் சத்தமே வரவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது.

இழுத்தபோது மணல் கொட்டியது. கறள் தூளோடு கலந்த, ஈரமான, கறுத்த கடல் மணல். இரண்டு கைப்பிடிக்கு மேல் இருக்கும். பதினெட்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. நான் வெளியே பூசிக்கொண்டிருக்க, அது உள்ளேயிருந்து தின்றிருக்கிறது.

காக்கா எழும்பவில்லை. மணலைக் கையில் எடுத்து விரலால் உருட்டிக்கொண்டு கிடந்தார்.

“வாப்பா அந்தக் கிணத்துத் தண்ணியாலதானே கழுவின?”

“ஓம்.”

விற்பதைப் பற்றி அன்று அவரும் பேசவில்லை, வாக்குக் கொடுத்த நானும் பேசவில்லை. இரவு பஸ்ஸில் திரும்பிவிட்டார். பத்து நாள் கழித்துக் கல்முனை பஸ்ஸில் நீளமான பொதியொன்று வந்தது. பிரித்தால், பழைய மொரிஸ் சாமான் கடையில் தேடி எடுத்த கதவடித் தகடு. கடிதம் ஒன்றும் இல்லை. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டிருந்தார்.

பாஸ் பழையதை வெட்டி எடுத்துப் புதியதை ஒட்டினார். பெட்டியை மூடுமுன் உள்ளே நான் பூசினேன். ஒட்டியபின் மெழுகுதிரியைச் சீவி, டர்பன்டைனில் போட்டு, அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துக் கரைத்து, கொஞ்சம் ஒயிலும் சேர்த்து ஓட்டைகளால் ஊற்றினேன். தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் கம்பியால் குத்தித் திறந்து வைத்தேன்.

பொனட்டுக்கும் மட்கார்ட்டுகளுக்கும் அடுத்த வருடம் பிரைமர் ஏறிவிட்டது. கூரை இன்னும் வெறுந்தகடுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாரன் துண்டு தோய்த்துக் காய்கிறது.