சந்திரன் சுழற்றும் சக்கரம்

லாபூர்தொனே என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருக்கிறதா? 1746-ஆம் வருஷம் கப்பல்களோடு வந்து, சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர். அவர் பிறந்த ஊர் ஸேன் மாலோ. பிரான்சின் வடமேற்கு மூலையில், பிரெட்டனி பிரதேசத்தில், சுற்றிலும் கல் மதில் எழுப்பிக்கொண்டு கடலை முறைத்தபடி நிற்கும் துறைமுகம். ஆனால் நாம் அங்கே போனது லாபூர்தொனேயைத் தேடி அல்ல. அந்த ஊர்க் கடலைப் பார்க்க.

நம் சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் யாரும் கவனிப்பதில்லை. மொத்தமே மூன்றடி, நாலடி. சுண்டல் தின்கிற சுவாரஸ்யத்தில் அது எங்கே தெரியப்போகிறது? ஸேன் மாலோவில் அப்படியல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களின்போது கடல் நாற்பதடி வரை ஏறி இறங்குகிறது. நாலு மாடிக் கட்டிடத்தின் உயரம்! மதிலில் மோதித் தெறித்த தண்ணீர், சில மணி நேரத்தில் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது. எதிரே உள்ள கிராண்ட் பே தீவுக்கு ஜனங்கள் நடந்தே போய், ஷாத்தோப்ரியான் என்ற பிரபல எழுத்தாளரின் சமாதியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்புவதற்குத் தாமதமானால், கடல் மறுபடி இறங்கும் வரையில் எழுத்தாளருக்குத் துணையாக இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு தண்ணீர் தினம் இரண்டு தடவை வந்து போகும்போது மனிதன் சும்மா இருப்பானா? பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தார் ஏற்றத்து நீரைக் கட்டி நிறுத்தி, அது இறங்கும் வேகத்தில் மாவு அரைத்தார்கள். அந்த மாவு ஆலைகளின் பேரப்பிள்ளைதான் ரான்ஸ் அணை. ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்துக்குக் குறுக்கே முக்கால் கிலோ மீட்டர் நீளம். 1966 நவம்பரில் ஜெனரல் டிகால் திறந்து வைத்தார்.

உண்மையைச் சொன்னால், பார்வைக்கு ஏமாற்றந்தான். மேலே கார்கள் பறக்கின்றன. முன்பெல்லாம் ஆற்றின் மேற்பகுதி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டியவர்களுக்கு இது நல்ல குறுக்கு வழி. விஷயமெல்லாம் காலடியில் இருக்கிறது. தண்ணீருக்குள் 24 யந்திரங்கள். ஒவ்வொன்றும் 10,000 கிலோவாட். மதகுகளின் வழியே கடல் உள்ளே நிரம்பியதும் கதவுகளை மூடிவிடுகிறார்கள். வெளியே கடல் இறங்க இறங்க, உள்ளே தண்ணீர் உயரத்தில் நிற்கிறது. அதைச் சக்கரங்களின் வழியாக வெளியே விடுகிறார்கள். கடல் உள்ளே வரும்போதும் இந்த யந்திரங்களால் மின்சாரம் எடுக்க முடியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்றம் உச்சியில் இருக்கும்போது, மின்சாரத்துக்குக் கிராக்கி இல்லாத நேரமானால், யந்திரங்களே பம்புகளாக மாறி இன்னும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே தள்ளும். உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே மட்டமாதலால் அதற்குச் செலவு அற்பம். பிறகு அதே நீர் பல அடி உயரத்திலிருந்து விழும்போது வரவு அதிகம். மார்வாரிக் கடைக்காரர்கூட வெட்கப்படும் வட்டி!

ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட் கிடைக்கிறது. கரியில்லை, புகையில்லை. ஆனால் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளித்தான் ஏற்றம் வரும். ஊரார் அடுப்பு மூட்டும் வேளை சந்திரனுக்குத் தெரியாதல்லவா?

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த தரையில் அணை கட்டுவதற்காக, 1963-லிருந்து 1966 வரை கழிமுகத்தைக் கடலிலிருந்து அடியோடு துண்டித்துவிட்டார்கள். மூன்று வருஷம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உப்பு குறைந்தது, சேறு படிந்தது, கடல்வாழ் ஜீவன்கள் அநேகமாக அழிந்தே போயின. திறந்த பிறகும் ஒரு நிலைக்கு வரப் பத்து வருஷம் பிடித்தது. சில மீன்கள் திரும்பி வந்தன. மணலில் புதைந்து வாழும் விலாங்கு போன்ற சிறு மீன் வரவில்லை. சேறு இன்றைக்கும் படிந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த அளவில் இரண்டாவது அணையை பிரான்சு கட்டவில்லை. மின்சாரம் நல்ல மின்சாரந்தான். ஆனால் அந்த மூன்று வருஷத்தை நம்மால் மன்னிக்க முடியவில்லை.

தென் கொரியாவில் கதை தலைகீழ். அங்கே 1994-ல் விவசாயத்துக்கென்று கடலை மறித்துக் கட்டிய சீவா ஏரி, ஆலைக் கழிவால் நாறிப்போயிற்று. 2011-ல் அந்தக் கரையிலேயே 2,54,000 கிலோவாட் நிலையம் அமைத்துக் கடலை உள்ளே விட்டபிறகு தண்ணீர் தெளிந்தது. ரான்ஸ் வகித்துவந்த உலகத்தின் முதலிடமும் அத்துடன் கொரியாவுக்குப் போயிற்று.

நம் தேசத்தில் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் முப்பதடிக்கு மேல் கடல் ஏறி இறங்குகிறது. அணை கட்டும் பேச்சு பல முறை எழுந்திருக்கிறது.

ரான்ஸ் அணையின் ஒரு கோடியில் படகுகளுக்கென்று தனி வாயில் இருக்கிறது. படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுகிறார்கள். கார்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. படகுக்காரர்கள் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பிக் கிளம்புவதில்லை. மின்சார நிலையம் வெளியிடும் நேர அட்டவணையையும் பார்த்துக்கொண்டுதான் பாய் விரிக்கிறார்கள்.