கேமரன் மலைக்குப் போகும் குட்டிச் சட்டை

கோலசிலாங்கூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஈஜோக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போது நாடு முழுதும் பத்திரிகைகளில் படித்த அதே ஈஜோக்தான். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற மண். மதியம் ஒரு மணிக்கு வெளியே நின்றால் தார் ரோடு கண்ணைக் கூசும். மழை பெய்து ஓய்ந்தாலும் புழுக்கம் மட்டும் ஓயாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டி கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு குரோஷா ஊசியால் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பாட்டியின் மகளோ மருமகளோ தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ குடித்தனம் நடத்துகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பு அடங்கிவிடும். தோட்டங்கள் மாறி, பிள்ளைகள் வேலை தேடி நாலு திசைக்கும் போய்விட்ட இந்தக் காலத்தில், உங்கள் வீட்டிலும் ஒரு பேரப்பிள்ளை மலையில் பிறக்கலாம். நீங்கள் ஈஜோக்கிலிருந்து கேமரன் மலைக்குப் பிரயாணப்படலாம். அப்படிப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் குளிர்க் கணக்கைப் பார்ப்போம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 முதல் 6.5 டிகிரி வரை குறையும். ஆக, ஈஜோக்கில் பகலில் 33 டிகிரி என்றால் அங்கே 24. இங்கே இரவில் 24 என்றால் அங்கே 15. நமக்கு அது இதமான குளிர். ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி குறைவு. அதனால் அந்தச் சின்னச் சட்டை வெறும் அழகுக்கு அல்ல. அது உடம்போடு சரியாகப் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் கழுத்து வழியாகக் காற்று நுழையும், துணி ஏறி முகத்தை மூடவும் கூடும். சிறிதாக இருந்தால் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் மடித்து வைத்துவிடுவார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். குழந்தை மலையில் இருக்கிறது, பின்னுகிற கை ஈஜோக்கில் இருக்கிறது. கண்ணால் காணாத உடம்புக்கு எப்படி அளவு போடுவது?

பலர் வயதைக் கேட்டு, புத்தகத்தில் "ஆறு மாதம்" என்று போட்டிருக்கும் அளவைப் பின்னிவிடுவார்கள். வயது ஓர் அடையாளம்தான், அளவு அல்ல. மூன்று மாதக் குழந்தைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட நீளமாகத் தெரியும். நமக்கு வேண்டியது மார்புச் சுற்றளவு. மகளிடம் சொல்லி, அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி ஒரு நூலை இறுக்காமல் சுற்றி, சந்திக்கும் இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இன்னொரு நூல். அவற்றைத் தபாலில் அனுப்பலாம், அல்லது அடிக்கோலில் வைத்துப் பார்த்து எண்ணை மட்டும் போனில் சொல்லலாம். தலைச்சுற்றளவும் உயரமும் கிளினிக்கில் கொடுக்கும் குழந்தையின் புத்தகத்திலேயே எழுதியிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்களைச் சொல்கிறேன். பொதுவாக மார்புச் சுற்றளவு மூன்று மாதத்தில் சுமார் 41 சென்டிமீட்டர், ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46, இரண்டு வயதில் 51. அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம் மூன்று மாதத்தில் 15 அல்லது 16, ஒரு வயதில் 19. ஸ்வெட்டரின் சுற்றளவு மார்பைவிட 5 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு சட்டை போடுவார்கள் அல்லவா? இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குழந்தை முதல் வருடத்தில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். நீங்கள் பின்னி முடித்து, லீவு கிடைத்து, மலை ஏறுவதற்குள் அது அடுத்த அளவுக்குப் போயிருக்கும். ஆகையால் இன்றைய அளவுக்குப் பின்னாமல், போய்ச் சேரும் நாளைக்கு மேல் மூன்று மாதத்தைச் சேர்த்துப் பின்னுங்கள்.

குழந்தையை அளந்தது போல உங்கள் கையையும் அளக்க வேண்டும். ஒவ்வொருவர் கைக்கும் ஓர் இறுக்கம் உண்டு. ஈஜோக் வெயிலில் வியர்த்த விரலில் நூல் இன்னும் இறுகும். முதலில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு துண்டு பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். புத்தகம் 16 கண்ணி என்கிறது, உங்களுக்கு 18 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 48 சென்டிமீட்டர் சுற்றளவுக்குப் புத்தகம் 77 கண்ணி போடச் சொல்லும். உங்கள் கையில் அதே 77 கண்ணி 43 சென்டிமீட்டர்தான் வரும். ஒரு சட்டை முழுவதும் ஓர் அளவு சுருங்கிப்போகும். ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி மறுபடி துண்டு பின்னிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வீதக் கணக்குதான் இது, வேறொன்றும் இல்லை.

புத்தகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள் குரோஷே' என்றால் குட்டையான கண்ணி. அமெரிக்கப் புத்தகத்தில் அதே பெயர் உயரமான கண்ணியைக் குறிக்கும். பிரிட்டிஷார் அதை 'டிரெபிள்' என்பார்கள். பெயரை மாற்றிப் புரிந்துகொண்டால் சட்டை நீளம் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்கப் புத்தகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நூல் விஷயத்தில் ஊரைப் பார்க்க வேண்டும். ஈஜோக்கில் வளரும் குழந்தைக்குப் பருத்தி நூலே போதும். ஆந்திராவில் நரசாபுரத்துப் பெண்கள் பருத்தி நூலில் பின்னும் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த நூலும் நம் வெயிலும் ஒத்துப்போகும். மலைக்குக் கம்பளியோ அக்ரிலிக்கோ வேண்டும். கம்பளி சூடு தரும், ஆனால் வெந்நீரில் அலசினால் சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பாது. அக்ரிலிக் துவைக்க எளிது. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள், தளர்ந்து உருவம் கெட்டுவிடும்.

சரி, சட்டை தயார். பிரயாணத்துக்கு வருவோம். ஈஜோக்கில் தொடங்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்டது. நீளம் 33 கிலோமீட்டர். அதன் வழியே ரவாங் பக்கம் போய் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர் எல்லாம் கடந்து தாப்பா வரும். அங்கிருந்து மலைப்பாதை. 1885இல் இந்த மலைப்பகுதியை நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் மலை தாங்கி நிற்கிறது. தாப்பாவிலிருந்து மேலே போகும் சாலை 1931இல் முடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1929இல், ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். அந்த மலையிலும் கொழுந்து பறிக்க முதலில் போன கைகளில் நம்மவர் கைகள் நிறைய உண்டு.

வளைவுகள் தொடங்கும்போது லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி வரும். பலர் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். காரில் குழந்தையும் கூட வருகிறதென்றால் ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். ஆயிரம் மீட்டரைத் தாண்டி ரிங்லெட்டை நெருங்கும்போது குளிர் தட்டும், அப்போது தேவைப்படும். ஆனால் தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக் குழந்தை இருக்கையின் வாரை அதன்மேல் மாட்டாதீர்கள். வார் இறுகியது போலத் தெரியும், உள்ளே தளர்ந்திருக்கும். வாரை முதலில் மாட்டி, சட்டையையோ போர்வையையோ மேலே போர்த்துவதே பாதுகாப்பு. 2020 முதல் நம் நாட்டில் சொந்த வாகனங்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தானா ராத்தா வீட்டில் பேரப்பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கும் நேரம்தான் உண்மையான பரீட்சை. அதனால் ஊசியையும் மிச்ச நூலையும் கையோடு கொண்டு போங்கள். நூல் வாங்கும்போதே ஒரு சுருள் கூடுதலாக, ஒரே சாய எண் உள்ளதாக வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் நிறம் ஒத்து வராது.

மார்பில் இறுக்கமா? பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு அக்குளுக்கும் கீழே இரண்டு விரல் அகலப் பட்டை பின்னி இணையுங்கள். முன்பக்கம் திறந்த சட்டையானால் பொத்தான் பட்டையில் இரண்டு வரிசை கூட்டினாலே போதும். நீளம் போதவில்லையா? அடி விளிம்பிலிருந்து இன்னும் நாலு வரிசை இறக்குங்கள், கை முனையிலும் அப்படியே. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னிய சட்டையானால் இது மிகவும் சுலபம். கை நீளமா? மடித்து விடுங்கள், வளர வளர அவிழ்க்கலாம். கழுத்து அகலமா? விளிம்பில் ஒரு வரிசை போட்டு, சில இடங்களில் இரண்டு கண்ணியை ஒன்றாக்குங்கள். நாடா கோத்து முடிச்சுப் போடும் வழக்கம் வேண்டாம், கழுத்தைச் சுற்றிய நாடா குழந்தைக்கு ஆபத்து. பிறந்த குழந்தைக்குத் தலை மார்பைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஆகவே தலை வழியாகப் போடும் சட்டைக்குத் தோளில் திறப்பு வையுங்கள். பெரிய ஓட்டைகள் உள்ள பின்னலில் சின்ன விரல்கள் சிக்கும். பொத்தானை இழுத்துப் பார்த்து உறுதியாகத் தையுங்கள்.

குளிர்கிறதா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள். அவை சாதாரணமாகவே சில்லென்று இருக்கும். பிடரியைத் தொடுங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஸ்வெட்டர் அதிகம்.

திரும்பும் வழியில் மகளும் குழந்தையும் உங்களோடு ஈஜோக்குக்கு வந்தால், தாப்பா இறங்கியதும் முதல் வேலையாக ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். "மலைக் குழந்தை, பழகிய சட்டை" என்று இங்கேயும் போட்டுத் தூங்க வைக்கிறவர்கள் உண்டு. குளிரில் காத்த அதே சட்டை வெயிலில் குழந்தையை வேகவைத்துவிடும்.

ஒரு வருடத்தில் சட்டை எப்படியும் சிறிதாகிவிடும். அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை. கடையில் வாங்கிய சட்டையைக் கிழித்தால் கந்தல்தான் மிஞ்சும். துண்டு துண்டாக வெட்டித் தைக்காமல் கையால் பின்னிய குரோஷா சட்டையோ நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நூலாகத் திரும்பி வரும். அதை அலசி, காயவைத்து, உருண்டையாகச் சுற்றி, புதிதாக ஒரு சுருளும் சேர்த்து, அடுத்த அளவுக்குத் தொடங்கலாம். ஆனால் தொடங்குவதற்கு முன், மகளுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்: "அம்மா, பிள்ளையின் மார்பளவு இப்போது எவ்வளவு?"