கணினிக்குள் கிடக்கும் சாட்சி

போன வருடம் ஒரு மாலை. வன்கொடுமை வழக்கு ஒன்றுக்கான மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் பெயரில் ஒரு மெயில் வந்தது. "எஃப்ஐஆர் நகல், அவசரம்" என்று ஒரு ஃபைல். திறக்கப் போனேன். எங்களோடு வேலை செய்யும் கல்லூரித் தங்கை தடுத்துவிட்டாள். "அண்ணா, இருங்க. முதல்ல அவருக்கு போன் பண்ணுங்க."

பண்ணினேன். அவர் எதையும் அனுப்பவில்லை.

இணைய இணைப்பு இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் அந்த ஃபைலை ஏற்றினாள். வெளியே பிடிஎஃப் படம் போட்டிருந்தது. ஓட்டாமல், உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் பார்த்தாள். முதல் இரண்டு எழுத்து எம், இசட். "பிடிஎஃப்னா தொடக்கத்துலயே பிடிஎஃப்னு எழுதியிருக்கும்ணா. எம், இசட்னு ஆரம்பிச்சா அது விண்டோஸ்ல ஓடுற புரோகிராம்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணினியில் இருப்பது சினிமாப் பாட்டு அல்ல. புகார் கொடுத்த பெண்களின் முகவரி, சாட்சிகளின் தொலைபேசி எண், ஊரை விட்டு வந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் இடம். அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகுதான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்ன என்று அவளிடம் கேட்டுப் படிக்கத் தொடங்கினேன். மனிதர் எழுதும் நிரலை கம்பைல் செய்தால் அது இயந்திரத்துக்கான எண்களாகிவிடும். அந்த எண்களிலிருந்து, எழுதியவர் என்ன செய்ய நினைத்தார் என்று பின்னோக்கிப் போவதுதான் இது. கொதித்து முடிந்த குழம்பை நாக்கில் வைத்து, என்னென்ன போட்டிருக்கிறது என்று அம்மா சொல்வாரே, அந்த வேலைதான்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு பீமா கோரேகான் வழக்கைச் சொல்வேன். எல்கார் பரிஷத் நடந்தது 2017 டிசம்பர் 31. ரோனா வில்சனின் கணினிக்குள் ஊடுருவல் நடந்ததோ 2016 ஜூனில், ஒன்றரை வருடம் முன்பே. அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரி அறிக்கையில் இதைச் சொன்னது. வரவர ராவின் மெயில் கணக்கிலிருந்து வந்த ஃபைலை அவர் திறந்திருக்கிறார். உள்ளே நெட்வயர் என்ற, அப்போது காசு கொடுத்தால் கிடைத்த உளவு நிரல் இருந்தது. ஒளித்துவைத்த ஃபோல்டர் ஒன்றில் கடிதங்கள் ஏற்றப்பட்டன. அந்தக் கடிதங்களை உருவாக்கிய வேர்டு பதிப்பு அவர் கணினியிலேயே இல்லை. அவற்றை அவர் திறந்து பார்த்த தடயமும் இல்லை.

நெட்வயர் நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ஃபைலில் பதிந்துவைக்கும். திறந்து பார்த்தால் குப்பைபோலத் தெரியும். ஆனால் நிரலைப் பிரித்துப் படித்த ஆய்வாளர்கள் கண்டது, ஒவ்வொரு பைட்டையும் ஒரே மாதிரி மாற்றும் எளிய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் தட்டிய எழுத்து வெளியே வந்துவிடும். உளவாளி எழுதிவைத்த குறிப்பே உளவாளிக்கு எதிரான சாட்சி.

என்ஐஏ இந்த அறிக்கையை ஏற்கவில்லை. நீதிமன்றம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஸ்டேன் சாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். வில்சனும் தலித் செயற்பாட்டாளர் சுதீர் தவாலேயும் 2018 ஜூனில் கைதானார்கள். ஜாமீன் கிடைத்தது 2025 ஜனவரியில். ஆறரை வருடம். அறிக்கை கையில் இருந்தால் மட்டும் சிறைக்கதவு திறந்துவிடாது என்பதும் இதில் உள்ள பாடம்.

ஆனாலும் ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. நம் தோழர்களின் கணினியில் என்ன நடந்தது என்று சொல்ல மாசசூசெட்ஸில் இருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. சேரியில் இருந்து பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சட்டம் படித்து நமக்காக நீதிமன்றத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தது. இப்போது இயந்திரத்தைப் படிக்கவும் ஆள் வேண்டும்.

கருவிக்குக் காசு வேண்டாம். கிட்ரா என்ற மென்பொருளை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-ல் இலவசமாக வெளியிட்டது. உளவு பார்ப்பவன் செய்த கருவியை, உளவு பார்க்கப்படுபவன் பயன்படுத்தலாம். சி மொழியும், கொஞ்சம் அசெம்பிளியும், நிறையப் பொறுமையும் போதும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தெரிந்தவர் பெயரில் எதிர்பாராத ஃபைல் வந்தால் அவருக்கு போன் பண்ணுங்கள். கணினியைப் பறிமுதல் செய்தால், அந்த இடத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தங்கை இப்போது இறுதியாண்டு. கேம்பஸ் வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். போகட்டும், சம்பாதிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். முதல் வகுப்பில் நானும் உட்காரப்போகிறேன்.